உஜ்வலா கேஸ்: ரேஷன் கார்டில் தொடங்கி ரெகுலேட்டர் வரை

ஏழை வீட்டுப் பெண்களுக்கு மத்திய அரசு கேஸ் இணைப்புத் தரும் உஜ்வலா திட்டத்தில் மனுப் போட வருகிறவரிடம் முதலில் வாங்கிப் பார்க்க வேண்டியது ரேஷன் கார்டை, ஆதார் அப்புறம்தான். மனு திரும்பி வருவது பெரும்பாலும் அந்தக் கார்டினால்தான். விதி சுருக்கமானது. மனுதாரர் 18 வயது நிறைந்த பெண்ணாக இருக்க வேண்டும். குடும்பத்தின் வறுமை நிலையைச் சொல்லும் உறுதிமொழிப் படிவம் தர வேண்டும். அந்தக் குடும்பத்தில் யார் பேரிலும், எந்த எண்ணெய் நிறுவனத்திலும் வேறு கேஸ் இணைப்பு இருக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியில் வரும் ‘குடும்பம்’ என்ற சொல்தான் ஆளை மடக்குகிறது. ஒரே உலையில் சோறு பொங்குகிறவர்கள் ஒரு குடும்பம் என்பது நம் கணக்கு. ஸ்மார்ட் கார்டில் அச்சாகியிருக்கும் பெயர்கள் ஒரு குடும்பம் என்பது ஏஜென்சியின் கணக்கு.

கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்து ஐந்து வருஷம் ஆகியிருக்கும். பெயர் இன்னும் மாமனார் கார்டிலேயே கிடக்கும். மாமியார் பேரில் சிலிண்டர் ஓடிக்கொண்டிருக்கும். இப்படி ஒரு மனுவை அப்படியே போட்டால், குடும்பத்தினரின் ஆதாரை மூன்று நிறுவனங்களின் பட்டியலோடும் ஒப்பிடும்போது பழைய இணைப்பு மேலே வந்துவிடும். ‘மறைத்துப் போடலாம்’ என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். சரியான வழி கொஞ்சம் நீளம்: இ-சேவை மையத்தில் பழைய கார்டிலிருந்து கணவன், மனைவி, பிள்ளைகள் பெயரை நீக்கி, புதுக் கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தனிச் சமையல் இருக்கிறதா என்று வட்ட வழங்கல் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். அடுப்பு, பாத்திரம், தனி வாசல் கண்ணில் பட்டால் வேலை சுலபம். கார்டு வரும்வரை கேஸ் மனுவைத் தொடவே வேண்டாம்.

வெளியூரிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. செங்கல் சூளையிலும் பனியன் கம்பெனி லைன் வீடுகளிலும் இருப்பவர்கள், ரேஷன் கார்டுக்கும் முகவரிச் சான்றுக்கும் பதிலாகச் சுய உறுதிமொழியே தரலாம். 2021 ஆகஸ்டில் வந்த இரண்டாம் கட்டத்தில் சேர்த்த சலுகை இது. கவுன்டரில் இருக்கும் பையனுக்கே சில சமயம் தெரியாது. படிவத்தைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

மற்ற காகிதங்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான்: மனுதாரர் ஆதார், கார்டில் உள்ள பெரியவர்கள் எல்லாருடைய ஆதார், வங்கிக் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சியும், போட்டோ. ஆதாரில் ‘செ. மாரியம்மாள்’ என்றும் பாஸ்புக்கில் ‘மாரியம்மாள் செல்வம்’ என்றும் இருந்தால், மனுவை ஆதாரில் உள்ளபடியே எழுதிவிட்டு வங்கியில் பெயரைத் திருத்த வேண்டும்; தலைகீழாகச் செய்தால் இரண்டு வேலை. கைரேகை இன்னொரு முட்டுக்கட்டை. கல் உடைத்து, நாற்று நட்டு, சிமென்ட் குழைத்துத் தேய்ந்த விரலை மெஷின் ஏற்காது. நான்கு தடவை வைத்துப் பார்த்துவிட்டு ‘இன்னொரு நாள் வாங்கம்மா’ என்று அனுப்பிவிடுவார்கள். அன்றைய கூலி போயிற்று. எண்ணெய் நிறுவனங்களின் செயலியில் முகத்தைக் காட்டியே ஆதார் சரிபார்ப்பை முடிக்கும் வசதி இருக்கிறது. வெளிச்சமான இடத்தில் நின்று செய்தால் போதும்.

மானியம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்பதிலும் ஒரு பொறி உண்டு. மனுவில் எழுதிக் கொடுத்த கணக்குக்கு வரும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். வருவதோ, ஆதாரோடு கடைசியாக இணைக்கப்பட்ட கணக்குக்கு. நூறு நாள் வேலைக்கென்று ஒன்று, மகளிர் குழுவுக்கென்று ஒன்று என மூன்று கணக்கு வைத்திருப்பவர், பணமே வரவில்லை என்று ஏஜென்சியில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார். பணம் மூன்றாவது பாஸ்புக்கில் தூங்கிக்கொண்டிருக்கும். ஆதார் இணையதளத்தில் உள்ளே போய் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். மனுப் போடும் அன்றே இதைப் பார்த்துவிடுவது உத்தமம்.

மனு தேறினால் சிலிண்டர், ரெகுலேட்டர் இரண்டுக்கும் டெபாசிட் கிடையாது. ஹோஸ், கேஸ் புக், பொருத்தும் கூலி எல்லாம் திட்டத்திலேயே அடக்கம். இரண்டாம் கட்டத்தில் அடுப்பும் முதல் சிலிண்டரின் கேஸும்கூட இலவசம். இவற்றுக்குப் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். லைட்டர், ஏப்ரன், டீத்தூள் பாக்கெட் எதையும் வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தினக்கூலி வீடாக இருந்தால் 14.2 கிலோவுக்குப் பதில் 5 கிலோ சிலிண்டர் கேட்டு வாங்கலாம். ஒரே மூச்சில் பெரிய தொகை புரட்ட முடியாதவர்களுக்கு அதுதான் கட்டும். பெரியதை வாங்கியவர்களும் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

திட்டத்தின் காகிதங்களைப் பார்க்க ஆள் இருக்கிறது. வீட்டைப் பார்க்க ஆள் வருவது அரிது. பொருத்திக் கொடுப்பது மெக்கானிக்கின் வேலைதான் என்றாலும், முகாமில் சிலிண்டரைக் கொடுத்துப் போட்டோ எடுத்து, ஷேர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிடுவதும் நடக்கிறது. அதனால் வீட்டில் மூன்று விஷயங்களை நாமே சரிசெய்தாக வேண்டும்.

முதலாவது மேடை. தரையில் உட்கார்ந்து சமைத்துப் பழகிய வீட்டில் கேஸ் அடுப்பையும் தரையில்தான் வைப்பார்கள், பக்கத்திலேயே சிலிண்டரும் நிற்கும். அடுப்பு சிலிண்டரின் தலையைவிட ஆறு அங்குலமாவது உயரத்தில் இருக்க வேண்டும். பெரிய சிலிண்டர் ஏறக்குறைய இரண்டடி, ஆகவே மேடை இரண்டரை அடி. இருபுறமும் ஹாலோ பிளாக்கை அடுக்கி மேலே ஒரு கடப்பாக்கல் போட்டால் முடிந்தது. மரப்பலகையும் பழைய டேபிளும் ஆகாது. கூரை ஓலையென்றால் அடுப்புக்கு நேர் மேலே ஓலை தாழ்ந்து வராத இடமாகப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது காற்று. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். மேலே ஜன்னல் இருக்கிறது என்பது போதாது. வாசல் நிலைப்படி உயரமாக இருக்கும் ஒற்றை அறை வீட்டில் கேஸ் தொட்டித் தண்ணீர்போல நின்றுவிடும். சிலிண்டர் நிற்கும் பக்கத்துச் சுவரில் தரைமட்டத்தில் ஒரு செங்கல் அளவுக்கு ஓட்டை போட்டு, எலி வராமல் கம்பிவலை அடித்துவிட வேண்டும்.

மூன்றாவது விறகடுப்பு. கேஸ் வந்ததும் யாரும் விறகை விட்டுவிடுவதில்லை. வெந்நீருக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் அது எரியத்தான் செய்யும். எரியட்டும், ஆனால் வெளியே. ஒரே அறையில் இரண்டும் கூடவே கூடாது.

இனி பொருத்துவது. சிலிண்டர் வாங்கும்போதே கைப்பிடி வளையத்தைத் தாங்கும் தகடுகளின் உள்பக்கம் பாருங்கள். ‘C-28’ என்பதுபோல ஒரு குறி இருக்கும்; சிலிண்டரை அடுத்து எப்போது சோதிக்க வேண்டும் என்ற கெடு அது. A ஜனவரி முதல் மார்ச், B ஏப்ரல் முதல் ஜூன், C ஜூலை முதல் செப்டம்பர், D அக்டோபர் முதல் டிசம்பர், எண் வருஷம். அந்தக் காலாண்டு தாண்டியிருந்தால் அந்தச் சிலிண்டர் வேண்டாம். காலிச் சிலிண்டரின் எடையும் அங்கேயே இருக்கும்: 15.6 என்றிருந்தால் தராசு 29.8 காட்ட வேண்டும்.

நூலை இழுத்து மூடியைக் கழற்றியதும் வால்வுக்குள் எட்டிப் பாருங்கள். ஓரத்தில் கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று உட்கார்ந்திருக்கும். அது இல்லையென்றாலோ வெடித்திருந்தாலோ, ரெகுலேட்டரைத் திருகியதும் ‘உஸ்’ என்று வரும். குமிழ் அணைந்த நிலையில் இருக்க, ரெகுலேட்டரின் கீழ்வளையத்தை மேலே தூக்கி, வால்வின்மேல் நேராக அமர்த்தி, வளையத்தை விட வேண்டும். ‘க்ளிக்’ சத்தம் கேட்டபின் லேசாக இழுத்துப் பார்த்தால் வரக் கூடாது. ஹோஸ் ஆரஞ்சு நிறத்தில், உள்ளே கம்பி பின்னிய ‘சுரக்‌ஷா’ ரகம், நீளம் ஒன்றரை மீட்டர். எலிப்பல்லுக்கு இந்தக் கம்பிதான் காப்பு. பச்சை டியூபைச் சந்தையில் மலிவாக வாங்கி மாட்டுவது, அடுப்புக்குப் பின்னால் சூட்டில் படும்படி விடுவது, அழுக்காகிறதென்று துணி சுற்றுவது மூன்றுமே தவறு. துணி சுற்றினால் வெடிப்பு கண்ணில் படாது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தேதி ஹோஸ் மேலேயே அச்சாகியிருக்கும். முனை ஏறவில்லை என்று எண்ணெய் தடவாமல் சோப்புத் தண்ணீர் தொட்டு ஏற்றுங்கள்.

அதே சோப்புத் தண்ணீர்தான் சோதனைக்கும். வால்வு மூட்டு, ஹோஸின் இரண்டு முனை, அடுப்புக் குமிழ்கள் எல்லாவற்றிலும் நுரையைத் தடவி, ரெகுலேட்டரைத் திறந்து பாருங்கள். நுரை முட்டை கட்டினால் கசிகிறது. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது, அதை யார் கற்றுக்கொடுத்தார்களோ!

தீ நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாகி, பாத்திரத்தின் அடி கரிபிடித்தால் பர்னர் ஓட்டைகளில் பொங்கிய சோறும் எண்ணெயும் அடைத்திருக்கிறது. பர்னரைக் கழற்றிக் கழுவிக் காயவைத்துப் போடலாம். உள்ளே கேஸ் வரும் சின்னத் துளையான ஜெட்டில் ஊக்கு விட்டுக் குத்தக் கூடாது. ஓட்டை பெரிதானால் கேஸும் அதிகம் குடிக்கும், தீயும் அடங்காது.

நாற்றம் வந்தால் லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி உண்டு. சாமி விளக்கை அணைத்து, கதவைத் திறந்து, ரெகுலேட்டரை மூட வேண்டும். மூடிய பிறகும் வந்தால் கசிவது வால்வின் ஊசி. ரெகுலேட்டரைக் கழற்றி, அந்தப் பிளாஸ்டிக் மூடியை அழுத்திப் போட்டாலே கசிவு நிற்கும். சிலிண்டரைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு 1906-க்குப் பேசுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள். மூடியைச் சிலிண்டரிலேயே நூலால் கட்டி அனுப்புவது இதற்காகத்தான். பிள்ளைகள் விளையாட எடுத்துப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தடுத்த சிலிண்டர்களுக்கு முழு விலையையும் முதலில் கையிலிருந்து கொடுத்தாக வேண்டும், மானியம் பிறகுதான் கணக்குக்கு வரும். 2023 அக்டோபரிலிருந்து உஜ்வலா வீடுகளுக்கு 14.2 கிலோ சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம். வருஷத்துக்கு 12 சிலிண்டர் வரை இருந்த மானிய வரம்பை 2025-26க்கு 9 ஆகக் குறைத்தார்கள். புக் செய்தபின் போனுக்கு வரும் குறியீட்டை, சிலிண்டர் வாசலுக்கு வந்து, எடை பார்த்து, ரப்பர் வளையத்தையும் பார்த்த பிறகு சொல்லுங்கள். அதற்குமுன் சொல்லிவிட்டால், வராத சிலிண்டரும் வந்ததாகக் கணக்கில் ஏறி, மானிய வரம்பில் ஒன்று குறைந்துவிடும்.