ஸ்ரீவைகுண்டத்துக்கு ஒரு பயணச்சீட்டு

நாளை மாலையோடு உயிர் போய்விடும் என்று இன்றே தெரிந்துவிட்டால் அந்த ஒரு நாளை எப்படிக் கழிப்பேன் என்று சில வாரங்களாக யோசித்து வருகிறேன். விடியும் முன் எங்கள் திருநெல்வேலியின் குறுக்குத்துறைக்குப் போய்த் தாமிரபரணியில் முங்கிக் குளிப்பேன். வெள்ளம் வரும்போது உற்சவரை மட்டும் கரையேற்றிவிட்டுக் கருவறையை ஆற்றிடமே விட்டுவிடுகிற அந்த முருகன் கோயிலின் படியில், ஈரத்துண்டோடு சற்று நேரம் உட்கார்ந்திருப்பேன். வீட்டில் எல்லோரோடும் காலை உணவு. அதன்பின் திருச்செந்தூர் பாசஞ்சரில் ஏறி ஸ்ரீவைகுண்டத்தில் இறங்குவேன்.

அங்கே இருக்கும் நண்பனோடு பேசிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. பணத்தில் தொடங்கிய மனத்தாங்கல் அது. அதை இங்கே விரிக்க விரும்பவில்லை. ஆனால் அவனுடைய அப்பா இறந்தபோது நான் போகாமல் இருந்தது என் தவறு. கோடை விடுமுறைக்குப் போகும்போதெல்லாம், பனையோலைப் பட்டையில் பதநீரை ஊற்றி, நுங்கைக் கட்டைவிரலால் தோண்டிப் போட்டு, தம் மகனுக்கு முன்னால் என் கையில் கொடுத்தவர் அவர். அந்த விரல் நகத்தில் ஒட்டியிருந்த நுங்குத் தோல்கூட எனக்கு நினைவிருக்கிறது.

2023 டிசம்பர் 17 அன்று பெய்த பெருமழையில் தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லி அரித்துப்போய், சென்னை செல்ல வேண்டிய ரயில் ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டதே, அப்போது அவன் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அழைக்கவில்லை. ஒரே ஆறு, அவன் ஊரையும் என் ஊரையும் அதுதான் மூழ்கடித்தது.

வடக்கிருந்து உயிர்விடத் துணிந்த கோப்பெருஞ்சோழன், அதுவரை நேரில் பார்த்திராத பிசிராந்தையார் நிச்சயம் வருவார் என்று சொல்லி, அவருக்கும் இடம் ஒழித்து வைக்கச் சொன்னதைப் புறநானூற்றில் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். வந்தார் பிசிராந்தையார். என் கதையில் போக வேண்டியவன் நான். எனக்கென்று அவன் இடம் வைத்திருக்கிறானா என்று தெரியாமலேயே போக வேண்டியவன்.

என்ன பேசுவது என்று பலமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தும் ஒன்றும் சரியாக அமையவில்லை. மதியச் சாப்பாட்டு வேளைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதை மட்டும் தீர்மானித்திருக்கிறேன். அந்த வேளையில் வந்தவரை அவனுடைய அம்மா வாசலில் நிற்க வைத்துப் பேச மாட்டார்கள்.