ஜெனிடிக்ஸ் படிப்பவர்கள் முதலில் உறவுமுறையை எழுதிப் பழகுங்கள்

எனக்கு ஊர் பாம்பன் பக்கம். முதல் வருடத்தில் அனாடமிக்கும் பயோகெமிஸ்ட்ரிக்கும் நடுவில் ஜெனிடிக்ஸ் வந்தபோது இரண்டு ஷார்ட் நோட்ஸுக்குத் தேவையானதை மட்டும் உருப்போட்டு விட்டுவிட்டேன். அது எவ்வளவு தப்பு என்று ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோதுதான் தெரிந்தது.

குழந்தைகள் ஓ.பி.க்கு ஒரு மீனவக் குடும்பத்து அம்மா தன் பையனைக் கூட்டி வந்திருந்தார். நடக்கும்போது அடிக்கடி விழுகிறான், தரையில் உட்கார்ந்தால் தொடையில் கையை ஊன்றி ஊன்றித்தான் எழுகிறான், கெண்டைக்கால் தடித்திருந்தது. கேஸ் ஷீட்டில் 'அங்கிளுக்கும் இதே தொந்தரவு' என்று எழுதினேன். மேடம் அதைச் சுழித்துவிட்டு, "எந்த அங்கிள்? சித்தப்பாவா, தாய்மாமனா?" என்றார். அந்த அம்மா "என் கூடப்பிறந்த தம்பிக்கு" என்று தெளிவாகத்தான் சொல்லியிருந்தார், எழுதும்போது நான்தான் தொலைத்துவிட்டேன்.

அந்தப் பையனின் அறிகுறிகள் காட்டியது டுஷேன் தசைநோயை, தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் பரம்பரை நோய் அது. அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அப்பா மகனுக்குக் கொடுப்பது ஒய் தான், ஆகவே இந்த நோய் சித்தப்பா வழியாக இந்தப் பையனுக்கு வராது. தாய்மாமனுக்கும் மகனுக்கும் இருக்கிறது என்றால் அம்மா நிச்சயம் கேரியர் (பழுதான மரபணுவைச் சுமந்து பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடியவர்), அவருக்கு இனிப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் 50% வாய்ப்பு. ஒரே ஒரு சொல் இத்தனையையும் சொல்லிவிடுகிறது. ஆனால் நம் பக்கம் 'மாமா' என்றால் அத்தை புருஷனாகவும் இருக்கலாம், மாமனாராகவும் இருக்கலாம், அதனால் "உங்க அம்மா வயித்துல பிறந்தவரா?" என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டு ஆம், இல்லை என்று டிக் அடிப்பதோடு விடாதீர்கள். அக்கா மகளைக் கட்டியிருந்தால் பிறக்கும் குழந்தையின் இன்பிரீடிங் கோஎஃபிஷியன்ட் (ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு) 1/8, அத்தை மகள், மாமன் மகள் என்றால் 1/16. இதை மனப்பாடம் செய்யாமல் உங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றையே பெடிகிரியாக, அதாவது வம்ச வரைபடமாக வரைந்து பொது மூதாதையர் வழியாகப் போகும் பாதைகளை எண்ணுங்கள், பரீட்சையிலும் மறக்காது. சொந்தக் கல்யாணத்தால் கூடுவது ஆட்டோசோமல் ரிசஸிவ் நோய்களின் (அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் வருபவை) வாய்ப்புதான், டுஷேனுக்குச் சொந்தக் கல்யாணத்தைக் காரணம் சொல்லி அந்த அம்மாவைக் குற்றவாளி ஆக்கக் கூடாது.

அப்புறம் டெஸ்ட். எல்லாவற்றுக்கும் எக்ஸோம் (மரபணுக்களில் புரதத்துக்கான பகுதிகளை மொத்தமாகப் படிக்கும் டெஸ்ட்) என்று எழுதும் பழக்கம் வந்துவிட்டது. டுஷேனில் சி.கே. (தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் என்சைம்) பார்த்த பிறகு முதலில் எம்.எல்.பி.ஏ. (மரபணுவில் துண்டுகள் விடுபட்டோ கூடியோ இருக்கின்றனவா என்று பார்க்கும் டெஸ்ட்) தான், ஏனென்றால் 79 எக்ஸான் (புரதத்துக்கான குறிப்பு உள்ள துண்டு) கொண்ட அந்த மரபணுவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளுக்கு இருப்பது டெலிஷன், அதாவது எக்ஸான்கள் விடுபட்டுப்போவது. அதில் பிடிபடாவிட்டால் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படிக்கும் சீக்வென்சிங். ஹன்டிங்டன், ஃப்ரஜைல் எக்ஸ் மாதிரி டி.என்.ஏ. எழுத்துகள் திரும்பத் திரும்ப நீளும் கோளாறுகளை வழக்கமான எக்ஸோம் தவறவிட்டுவிடும், இது கேள்வியாக வர நிறைய வாய்ப்புண்டு. ரிப்போர்ட்டில் வி.யு.எஸ். என்று வந்தால், அந்த மரபணு மாற்றம் நோய் தருமா என்பது இன்னும் முடிவாகவில்லை என்பதுதான் அதற்குப் பொருள், அதை வைத்து யாருக்கும் நோய் என்று சொல்லிவிடாதீர்கள்.

அந்த அம்மாவுக்குக் கூடப்பிறந்த தங்கை உண்டா என்று நான் முதல் நாள் கேட்கவே இல்லை, அடுத்த தடவை வந்தபோதுதான் கேட்டேன். இருக்கிறாள், மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். அவளும் கேரியராக இருக்க 50% வாய்ப்பு. அவளைக் கூட்டி வரச் சொல்லிக் கவுன்சலிங்குக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தோம்.