அட்டவணையும் கொப்பியின் கடைசிப் பக்கமும்

மாலை வகுப்பில் என்னிடம் படிக்கும் சாதாரண தரப் பரீட்சை மாணவர்களுள் பெரும்பாலோருக்கு ஆங்கில இலக்கணம் என்றால் 12 காலங்களைக் கொண்ட ஓர் அட்டவணைதான். அதை வாய்ப்பாடு போல மனனம் செய்து, கீறிட்ட இடங்களைச் சரியாக நிரப்பியும் விடுகிறார்கள். அதே பிள்ளையிடம் 'நேற்று எங்கே போனாய்' என்பதை ஆங்கிலத்தில் கேட்கச் சொன்னால், 'வெயர் டிட் யூ வென்ட்' என்று வருகிறது. இறந்தகாலத்தை 'டிட்' சுமந்துகொண்ட பிறகு வினைச்சொல் அதை மறுபடியும் சுமக்கத் தேவையில்லை என்பது அட்டவணையைப் பார்த்தால் தெரியாது.

மனனத்தை நான் பழிக்கவில்லை. 'கோ, வென்ட், கோன்' போன்றவற்றுக்கு வேறு வழியில்லை (நானும் அப்படித்தான், அடிவாங்கிப் படித்தேன்). ஆனால் மொழி கற்கும் உத்திகளை 1990இல் ஆறு வகையாகப் பிரித்த ரெபெக்கா ஒக்ஸ்போர்ட், நினைவில் இருத்துவதை அவற்றுள் ஒன்றாகவே வைத்தார். தன் கற்றலைத் தானே கண்காணிப்பது மற்றொரு வகைக்குள் அடங்கும். எங்கள் பிள்ளைகளோ பிழை பார்ப்பது ஆசிரியரின் வேலை என்று விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே ஒவ்வொருவரும் தாம் விட்ட பிழையையும், அதற்குள் மறைந்திருக்கும் தமிழ் வாக்கியத்தையும் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எழுதிவைக்க வேண்டும் என்றேன். 'நான் பத்து வருடமாக யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன்' என்று நிகழ்காலத்தில் சொல்லிப் பழகியவர்கள் 'ஐ ஆம் லிவிங்' என்று எழுதுவது இயல்பே. அன்று தொடங்கி இன்றும் தொடர்வதற்கு ஆங்கிலம் 'ஹாவ்' கேட்கிறது. 'அவர் ஆசிரியர்' என்னும்போது தமிழில் 'இஸ்' என்பதற்கும் 'எ' என்பதற்கும் இடமே இல்லை. ஆங்கிலத்தில் அவை விடுபடுவதைக் கவனக்குறைவு என்று திட்டுவதில் பயனில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது, ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'த'. அந்த இடத்தில் 'அந்த' என்று போட்டுப் பார்ப்பது மாணவர்கள் தாமாகவே கண்டுபிடித்த உத்தி. கதையொன்றில் முதலில் 'ஒரு நாய்' என்றும் பிறகு 'அந்த நாய்' என்றும் வரும்போது அது அழகாகப் பொருந்துகிறது. ஆனால் சூரியனை யாரும் 'அந்தச் சூரியன்' என்பதில்லை. ஆங்கிலத்திலோ 'த சன்'. கடந்த வாரம் இதைக் கவனித்த ஒரு மாணவி, 'அந்த' சரிவராத இடங்களுக்கென்று தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறாள். சூரியனுக்குக் கீழே சந்திரன், வானம். அதற்கும் கீழே, கேள்விக்குறியுடன், நல்லூர்க் கோயில்.