.32 ரிவால்வரை ஏன் எடுத்தேன்

வீரவநல்லூரில் அடகுக்கடை நடத்துகிறேன். கணவர் போன பிறகு கடை என் பொறுப்பு. நகையும் பணமும் எடுத்துக்கொண்டு அடிக்கடி திருநெல்வேலி டவுணுக்குப் போய்வர வேண்டியிருக்கும், திரும்பும்போது இருட்டிவிடும். பத்தமடைக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவே ஒருநாள் பைக்கில் வந்த இரண்டு பேர் காரை மறித்து அரிவாளைக் காட்டினார்கள். எதிரே பஸ் வந்ததால் ஓடிவிட்டார்கள். போலீசில் புகார் கொடுத்தோம், அந்த எஃப்.ஐ.ஆர்.தான் பின்னால் துப்பாக்கி லைசென்ஸுக்கு முக்கியமான ஆதாரமாக இருந்தது. இப்போது தெரிந்த வியாபாரிகள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: என்ன காலிபர் (குழலின் உள்விட்ட அளவு, அதற்கேற்ற தோட்டா) எடுக்கலாம்? அதனால் நான் முடிவெடுத்த விதத்தை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

லைசென்ஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆன்லைனில் விண்ணப்பம், அப்புறம் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ், அங்கிருந்து போலீஸ் விசாரணை, வருவாய்த் துறை விசாரணை. 2016 ஆயுத விதிகளின்படி டாக்டர் சான்றிதழும் (உடம்புக்கு மட்டுமல்ல, மனநிலைக்கும் சேர்த்து), துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சி முடித்த சான்றிதழும் வேண்டும். 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்குச் செல்லும், ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். விசாரணைக்கு வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது, ஆபத்து இன்னும் இருக்கிறதா, பெட்டகம் எங்கே வைப்பீர்கள், வீட்டில் குடிப்பவர்கள் உண்டா. சரியான கேள்விகள், கேட்கத்தான் வேண்டும்.

இனி காலிபர். என் கொழுந்தனார் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். "மதினி, எடுத்தா 9 எம்எம் எடுங்க, மத்ததெல்லாம் வேஸ்ட்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் சக்தியைப் பற்றிய பகுதி உண்மைதான். 9 எம்எம் தோட்டா எட்டு கிராம் எடையில் ஏறத்தாழ 490 ஜூல் சக்தியோடு போகிறது, ரிவால்வரில் போடும் .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் ஏறத்தாழ 150 ஜூல்தான், மூன்றில் ஒரு பங்கு. ஆனால் நம் நாட்டில் 9 எம்எம் தடை செய்யப்பட்ட வகை, என்னைப் போன்ற சாதாரண லைசென்ஸ்காரருக்குக் கிடையாது. வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனிநபர் இறக்குமதி செய்வதும் 1980களிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது, அதற்கு முன் வந்த பழைய .32 பிஸ்டல்கள் கைமாறிக் கைமாறி இன்று லட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்கின்றன. ஆக, பார்க்க வேண்டியது நமக்குக் கிடைப்பதில் எது என்பதைத்தான், அது மூன்றாகச் சுருங்குகிறது: .22, .32 பிஸ்டல் (தோட்டாக்கள் கைப்பிடிக்குள் அடுக்கியிருக்கும்), .32 ரிவால்வர் (தோட்டாக்கள் சுழலும் சிலிண்டரில் இருக்கும்).

அமெரிக்கக்காரர்கள் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறார்கள், அதில் ஒன்று எனக்கு உண்மையாகவே உதவியது. 1986 ஏப்ரலில் மயாமியில் எஃப்.பி.ஐ. (அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பு) ஆட்களுக்கும் இரண்டு கொள்ளையருக்கும் நடந்த சண்டையில் இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். கொள்ளையரில் ஒருவன் உடம்பில் ஆரம்பத்திலேயே பாய்ந்த ஒரு 9 எம்எம் தோட்டா இதயத்தைத் தொடாமல் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது, அவன் அதற்குப் பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தான். அதன்பின் எஃப்.பி.ஐ.காரர்கள் பெரிய தோட்டாக்களுக்கு மாறினார்கள், பல வருஷம் கழித்து 9 எம்எம்முக்கே திரும்பி வந்தார்கள், தோட்டாத் தயாரிப்பு மேம்பட்டிருந்தது, பெரிய தோட்டாவை விட அதை வைத்து ஆட்கள் வேகமாகவும் குறி தவறாமலும் சுட்டார்கள் என்பதால். தேவையான ஆழம் போக வேண்டும், அது பட வேண்டிய இடத்தில் பட வேண்டும். இந்த இரண்டையும் வைத்து நம்மூர் தோட்டாக்களைப் பார்த்தபோது எனக்குக் குழப்பம் தீர்ந்தது. ரிவால்வருக்குக் கிடைக்கும் .32 தோட்டா உருண்டை முனை ஈயம், பட்டதும் விரியாது. விரியாததால் வேகம் குறைவாக இருந்தாலும் உள்ளே இறங்கும். நம்மூர் வெயிலுக்கு எவனும் தடிமனான கோட்டுப் போட்டுக்கொண்டு வழிமறிக்க மாட்டான், அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

மதுரையில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி முதலில் .22 பக்கம் போகச் சொன்னார். "பொம்பளப் பிள்ளைக்கு அதுதான் தோது, உதைக்காது" என்றார். சுட்டதும் துப்பாக்கி கையைப் பின்னால் தள்ளுவதைத்தான் உதை என்கிறார்கள், .22ல் அது குறைவு என்பது சரி. ஆனால் .22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிப்பக்க விளிம்பைச் சுற்றி இருக்கிறது, .32 தோட்டாவில் நடுவில் தனியாக ஒரு மூடியில் இருக்கிறது. விளிம்பில் இருப்பது சில நேரம் பற்றாமல் போவது நடுவில் இருப்பதை விடக் கூடுதல். பயிற்சிக்கு .22 மாதிரி நல்லது வேறு இல்லை, விலையும் குறைவு. உயிரைக் காக்க நம்பி எடுக்கும்போது அது எனக்குப் போதாது.

அடுத்து .32 பிஸ்டல். அதன் தோட்டா .32 ஏசிபி, ஏறத்தாழ 170 ஜூல், ரிவால்வர் தோட்டாவை விடக் கொஞ்சம் கூடுதல். தட்டையாக இருப்பதால் இடுப்பில் தெரியாது. எனக்கு இடைஞ்சலாக இருந்தது அந்த மேல் ஸ்லைடைப் பின்னால் இழுப்பது. என் மணிக்கட்டில் பழைய எலும்பு முறிவு உண்டு, வியர்த்த கையோடு ஒவ்வொரு முறையும் முழுசாக இழுக்க முடியவில்லை, பாதி இழுத்தால் தோட்டா சிக்கும், சிக்கினால் அதை எடுத்துவிட இன்னொரு வேலை. ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்றால் விசையை (ட்ரிகரை) மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும். எனக்கு அந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது.

ஒரு எச்சரிக்கை, இதை அண்ணாச்சி அழுத்திச் சொன்னார்: .32 என்று இரண்டுக்கும் பெயர் இருந்தாலும் பிஸ்டல் தோட்டா வேறு, ரிவால்வர் தோட்டா வேறு. பிஸ்டல் தோட்டா சில ரிவால்வர்களின் அறைக்குள் நுழைந்துகூடவிடும், ஆனால் அதன் அழுத்தம் அதிகம், ரிவால்வர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. வாங்கும்போது டப்பாவில் எழுதியிருப்பதை முழுசாகப் படியுங்கள்.

ரிவால்வர் என்று முடிவானதும் இரண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். 2014ல் பெண்களை மனதில் வைத்துக் கான்பூரில் கொண்டுவந்த நிர்பீக், அரை கிலோ எடை. 2023 ஆகஸ்டில் வந்த பிரபல், அதுவும் கான்பூர்தான், எழுநூறு கிராம், குழல் 76 மில்லிமீட்டர், சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும். பைக்குள் வைக்க நிர்பீக் சுகம். ஆனால் அதே தோட்டாவை எடை குறைந்த துப்பாக்கியில் சுட்டால் உதை கூடுதலாகத் தெரியும், இது எந்தக் காலிபருக்கும் பொருந்தும். இரண்டாவது குண்டு எங்கே போகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது, ஏனென்றால் நான் போகும் ரோட்டில் வயலில் வேலை செய்பவர்களும் டீக்கடைகளும் இருக்கின்றன, தவறும் ஒவ்வொரு குண்டும் யாரோ ஒருவர் பக்கம் போகும். பிரபல் எடுத்தேன்.

ரைபிள் கிளப்பில் பயிற்சி தந்தவர் தூரத்தை ஏழு அடியில் ஆரம்பித்துப் பதினைந்து அடி வரைதான் கொண்டுபோனார், காரை மறிப்பவன் அந்தத் தூரத்தில்தான் நிற்பான் என்று. விசையை ஒரே சீராக இழுக்கப் பழக எனக்கு நாளானது, வீட்டில் வெறும் துப்பாக்கியில், தோட்டாவை வேறு அறையில் வைத்துவிட்டு, தினமும் பழகினேன். சட்டத்தையும் அவரே உட்காரவைத்துப் படிக்கவைத்தார். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்காப்பு 34 முதல் 44 வரையான பிரிவுகளில் வருகிறது, தேவைக்கு மேல் காயப்படுத்த உரிமை இல்லை. பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டால் நான்தான் குற்றவாளி. பொது இடத்தில் உறைக்குள் மூடித்தான் வைத்திருக்க வேண்டும், எடுத்துக் காட்டக்கூடாது.

வாங்கிய பிறகு வந்த 2024 நாடாளுமன்றத் தேர்தலில் இன்னொன்று தெரிந்தது. மார்ச் 16ல் தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள், ஜூன் 4 ஓட்டு எண்ணிக்கைக்குப் பிறகுதான் திரும்பக் கிடைத்தது. அந்த நாட்களில் பணத்தை வங்கி நேரத்துக்குள்ளேயே, பகலிலேயே கொண்டுபோய் முடித்தோம். ஒப்படைக்கும்போது துப்பாக்கி எண், தோட்டா எண்ணிக்கை இரண்டும் ரசீதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், கொடுக்கும் முன் குழலுக்குள் எண்ணெய் போட்டுவிடுங்கள். திரும்பி வந்ததும் அதோடு இருந்த பழைய தோட்டாக்களைப் பயிற்சியில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதுசு வாங்கினேன், லைசென்ஸில் அதையும் பதிய வேண்டும்.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: கடைக்குப் போய் மூன்றையும் கையில் பிடித்துப் பார்ப்பதை விண்ணப்பத்துக்கு முன்னாலேயே செய்துவிடுங்கள். என் லைசென்ஸில் ரிவால்வர் அல்லது பிஸ்டல் என்று இருந்ததால் எனக்குச் சிரமம் இல்லை. ஒன்றை மட்டும் கேட்டு எழுதி வாங்கிவிட்டால், மாற்றுவதற்குத் திரும்ப மனுவோடு கொக்கிரகுளம் போக வேண்டியிருக்கும்.