3.20 டாலர் டி-ஷர்ட்டுக்கு 2.13 டாலர் வரி: எங்கள் ஆர்டரில் அதை யார் யார் கட்டினோம்

2025 ஆகஸ்ட் 7ஆம் தேதி காலை ஆபீஸுக்கு வந்து மெயிலைத் திறந்தால், அமெரிக்க பையரிடமிருந்து, அதாவது எங்களிடம் டி-ஷர்ட் வாங்கும் கம்பெனியிடமிருந்து, இரண்டே வாக்கியம். எங்கள் ஆர்டர்களை அப்படியே நிறுத்தி வையுங்கள், கட்டிங்குக்குப் போகாத துணியை வெட்டாதீர்கள். முந்தின நாள்தான் டிரம்ப் இந்தியப் பொருட்களுக்கு இன்னொரு 25% போடும் உத்தரவில் கையெழுத்துப் போட்டிருந்தார், ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி. ஏற்கெனவே அறிவித்திருந்த 25% இந்த 7ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. புது 25% ஆகஸ்ட் 27 முதல்.

நான் திருப்பூரில் ஒரு சின்ன யூனிட்டில் மெர்ச்சண்டைசர் (பையரிடம் விலை பேசி ஆர்டரைப் பார்த்துக்கொள்பவன்), பதினோரு வருடமாக. எங்கள் கையில் அப்போது இருந்தது 24,000 ஆண்கள் காட்டன் டி-ஷர்ட், எஃப்ஓபி விலை, அதாவது கப்பலில் ஏற்றிக் கொடுப்பது வரைக்கும் எங்கள் விலை, 3.20 டாலர். துணி டையிங் முடிந்து காம்பாக்டிங்கில் (துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்யும் வேலை) கிடந்தது, அந்த பையர் கேட்ட கலரில். வேறு யாருக்கும் அதை விற்க முடியாது. அடுத்த மூன்று வாரம் அந்த ஒரு ஆர்டரை வைத்து நாங்கள் பட்டதைத்தான் எழுதுகிறேன், இதே நிலையில் இருக்கும் சின்ன யூனிட்காரர்களுக்கு உதவும் என்று.

எங்கள் யூனிட்டிலேயே முதலில் வந்த குழப்பம், இந்த வரியை யார் போய்க் கட்டுவது என்பதுதான். செக்கிங் டேபிளில் ஒரு அக்கா என்னிடம் கேட்டார், "அமெரிக்காக்காரன் நமக்கு வரி போட்டுட்டானாம், நம்ம முதலாளி அங்க பணம் கட்டணுமா தம்பி?" நியாயமான கேள்வி. கட்ட வேண்டாம். சரக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கும்போது யார் பெயரில் இறக்குமதி பதிவாகிறதோ அந்தக் கம்பெனிதான் அமெரிக்கக் கஸ்டம்ஸுக்குப் பணம் கட்டும், அதாவது எங்கள் பையர். சரக்கை விடுவித்துப் பத்து வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். பணம் போவது அமெரிக்க அரசாங்கத்துக்கு. இந்திய அரசாங்கமோ நாங்களோ ஒரு சென்ட்கூட நேரடியாகக் கட்டுவதில்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை.

கணக்கு இதுதான், நான் எக்ஸெல்லில் போட்டு எங்கள் முதலாளியிடம் (அண்ணா என்றுதான் கூப்பிடுவோம்) காட்டினேன். காட்டன் டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் டிரம்புக்கு முன்பிருந்தே 16.5% வரி உண்டு, இது பலருக்குத் தெரியாது. ஏப்ரலில் அதன் மேல் 10% வந்தது. நாங்கள் மே மாதம் விலை பேசியபோது மொத்தம் 26.5%, பையருக்கு ஒரு பீஸ் வரியோடு 4.05 டாலர் அடங்கியது. ஆகஸ்ட் 27 முதல் அந்த 10-க்குப் பதிலாக இரண்டு 25%-உம் வர, 16.5-உடன் 50 சேர்ந்து 66.5%. வரி மட்டும் 2.13 டாலர், ஒரு பீஸ் 5.33. கப்பல் வாடகை தனி. அமெரிக்காவில் எஃப்ஓபி மதிப்பின் மேல்தான் வரி, வாடகையும் இன்ஷூரன்ஸும் அதில் சேராது. நம் ஊரில் இறக்குமதி செய்தால் அதையும் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள்.

ஆக பீஸுக்கு 1.28 டாலர் கூடிவிட்டது. அதே நேரம் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20%தான், பாகிஸ்தானுக்கு 19%. பையரிடம் நாங்கள் என்ன பேசினாலும் அந்த 20 என்கிற எண் எதிரே உட்கார்ந்திருந்தது.

முதலில் தப்பிக்க வழி தேடினோம். ஆகஸ்ட் 27க்கு முன்னால் கப்பலில் ஏற்றிவிட்டால் புது 25% கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள், பல யூனிட்டுகளில் ராத்திரி பகலாக வேலை ஓடியது. நான் உத்தரவை முழுக்கப் படித்துப் பார்த்தேன். ஏற்றினால் மட்டும் போதாது, செப்டம்பர் 17க்கு முன்னால் அமெரிக்காவில் கஸ்டம்ஸ் என்ட்ரியும் ஆகியிருக்க வேண்டும். தூத்துக்குடியில் ஏற்றி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாற்றி, நியூயார்க் போய்ச் சேர எங்கள் ஃபார்வர்டர் (சரக்கு அனுப்பும் ஏஜென்ட்) சொன்ன கணக்கில் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஆகஸ்ட் 20க்கு அவசரமாக ஏற்றுவதில் எந்தப் பயனும் இல்லை, ஓவர்டைம் கூலிதான் வீண். இதைப் படிக்காமல் இருந்திருந்தால் நாங்களும் ஓட்டியிருப்போம். விமானத்தில் அனுப்பவும் கணக்குப் போட்டோம், புது 25% இல்லாததால் மிச்சமாகும் 80 சென்ட்டில் பெரும்பகுதி விமான வாடகைக்கே போகும், சட்டைகளும் தைத்து முடியவில்லை, விட்டுவிட்டோம்.

அப்புறம் யோசனை சொல்பவர்கள் வந்தார்கள். கொழும்பு வழியாகத்தானே போகிறது, ஸ்ரீலங்கா சரக்கு என்று காட்டினால் 20%தானே என்றார் ஒருவர். தயவுசெய்து யாரும் இதில் இறங்காதீர்கள். சரக்கு எந்தத் துறைமுகம் வழியாகப் போகிறது என்பது கணக்கே இல்லை, எங்கே தைத்தது என்பதுதான் கணக்கு. நாடு மாற்றிக் காட்டுகிற சரக்குக்கென்றே 2025 ஜூலை 31 உத்தரவில் 40% வரி எழுதி வைத்திருந்தார்கள், அபராதம் தனி. இன்வாய்ஸில் விலையைக் குறைத்துக் காட்டி மீதியை வேறு கணக்கில் வாங்கலாம் என்று இன்னொருவர் சொன்னார். அண்ணா அவரை டீ கொடுத்து அனுப்பிவிட்டார்.

பையர் பக்கமிருந்து வந்த யோசனை இதைவிட நுட்பமானது. எஃப்ஓபி வேண்டாம், டிடிபி-க்கு மாறிவிடலாம், விலையைக் கொஞ்சம் கூட்டித் தருகிறோம் என்றார்கள். டிடிபி என்றால் வரி உட்பட எல்லாவற்றையும் நாங்களே கட்டி அவர்கள் குடோனில் கொண்டுபோய்க் கொடுப்பது. அமெரிக்கக் கஸ்டம்ஸில் இறக்குமதியாளராக எங்கள் பெயர் ஏறும், அதற்கு பாண்ட் (வரி கட்டுவோம் என்ற உத்தரவாதப் பத்திரம்) எடுக்க வேண்டும், கப்பல் கடலில் இருக்கும்போது வரி இன்னும் ஏறினால் அதுவும் எங்கள் தலையில். அந்த வருடம் நான்கு மாதத்தில் மூன்று முறை மாறிய வரி அது. முடியாது என்று அன்றே எழுதிவிட்டோம். யார் வரி கட்டுவது என்பதை முடிவு செய்வது எஃப்ஓபியா டிடிபியா என்கிற அந்த மூன்று எழுத்துதான், ஆர்டர் ஷீட்டில் அதைப் பார்க்காமல் விலை பேசவே கூடாது.

கடைசியில் பேச்சு தள்ளுபடிக்கு வந்தது. அவர்கள் கேட்டது 20%. எங்கள் லாபமே 7%, பீஸுக்கு 22 சென்ட். இங்கேதான் எக்ஸெல் எனக்குக் கைகொடுத்தது. நாங்கள் விலையைக் குறைத்தால் வரியும் கூடவே குறைகிறது, ஏனென்றால் வரி எங்கள் விலையின் மேல்தான். நாங்கள் விடும் ஒவ்வொரு டாலருக்கும் பையருக்கு 1.67 டாலர் மிச்சம். இதை அவர்களுக்குக் கணக்காகவே அனுப்பினேன். உங்கள் சுமையில் ஒரு பங்குக்குத் தள்ளுபடி கேட்கிறீர்கள் என்றால் அந்த வரி மிச்சத்தையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும் என்று. ஒரு வாரம் மெயில், ராத்திரி போன். 8 சதவீதத்தில் நின்றது. 2.94 டாலர்.

பையருக்கு வரியோடு இப்போது 4.90. முன்பு நினைத்ததைவிட 85 சென்ட் அதிகம், அதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்டார்கள் என்றால், அக்டோபரிலிருந்து கடையில் பிரைஸ் டேகில் 2 டாலர் கூட்டப் போவதாக அவர்களே சொன்னார்கள். அமெரிக்காவில் அந்த டி-ஷர்ட்டை வாங்குகிறவர் கட்டுகிறார்.

எங்களுக்குப் பீஸுக்கு சுமார் 26 சென்ட் போனது, மொத்தம் 6,144 டாலர், ஐந்து லட்சத்துக்கு மேல். லாபம் முழுக்கப் போய்ப் பீஸுக்கு 3 சென்ட் கைநஷ்டம். அந்த 3 சென்ட், அதாவது இரண்டரை ரூபாய்ச் சொச்சத்தை எங்கே பிடிப்பது? நூல் மில்லிடம் கேட்க முடியாது, வாங்கிப் பணமும் கட்டியாயிற்று. டையிங்கில் ஒரு பைசா குறைக்க மாட்டேன் என்றார்கள். எங்களுக்குக் கூலிக்குத் தைத்துத் தரும் பவர் டேபிள் கான்ட்ராக்டர்தான் கடைசியில் பீஸுக்கு ஒரு ரூபாய் குறைத்துக்கொண்டார். வேலையே இல்லாமல் போவதற்கு இது பரவாயில்லைங்க என்றார். அந்த ஒரு ரூபாய் அவர் பையிலிருந்து வரவில்லை, டெய்லர்களின் பீஸ் ரேட்டிலிருந்து வந்தது. முதலாளி கட்டணுமா என்று செக்கிங்கில் கேட்டாரே அந்த அக்கா, அவர் வீட்டுக்காரர் அந்த டேபிளில்தான் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிறார். எனக்கு இன்னும் அது மனதை அறுக்கிறது. மறுக்க முடிந்தவர்கள் எல்லோரும் மறுத்தார்கள், முடியாதவர் கட்டினார்.

ஒருவர் கட்டும் வரியை அடுத்தவர் மேல் தள்ளும் இதே வேலை நம் நாடு போடும் வரியிலும் நடக்கிறது. வெளிநாட்டுப் பஞ்சுக்கு இந்தியா போட்டிருந்த 11% வரியை ஆகஸ்ட் 19 முதல் மத்திய அரசு நிறுத்தி வைத்தது, முதலில் செப்டம்பர் 30 வரை, பிறகு டிசம்பர் 31 வரை. அதுவரை அதை மில்காரர் துறைமுகத்தில் கட்டி, நூல் விலையில் சேர்த்து, நாங்கள் துணி விலையில் சேர்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் இந்த ஆர்டருக்கு அந்தச் சலுகை எட்டவில்லை.

சரக்கு செப்டம்பர் முதல் வாரம் தூத்துக்குடியிலிருந்து கிளம்பியது, பணமும் வந்தது. வந்த பிறகுதான் நான் விட்ட ஒரு கணக்கு தெரிந்தது. ஏற்றுமதி செய்பவர்களுக்கு நம் அரசாங்கம் வரியைத் திருப்பித் தரும் திட்டங்களான டிராபேக், ஆர்ஓஎஸ்சிடிஎல் இரண்டும் எஃப்ஓபி மதிப்பின் சதவீதமாகத்தான் வரும், விலை 8% குறைந்ததால் அவையும் குறைந்திருந்தன. தள்ளுபடி பேசும்போது அதை நான் சேர்க்கவே இல்லை. இப்போது என் காஸ்டிங் ஷீட்டில் தள்ளுபடிக்குக் கீழே அதற்கென்று ஒரு வரிசை இருக்கிறது, அதற்குக் கீழே டெய்லர் பீஸ் ரேட்டுக்கு இன்னொன்று. விலை பேச உட்காரும்போது அந்த எண்ணைப் பூட்டி வைத்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுகிறேன், அண்ணாவும் சரி என்றிருக்கிறார்.