சங்கத்துக்குப் பணம் தேடும் நாட்கள்

நவம்பர் 18, 2024, திங்கள்

எங்கள் மாற்றுத்திறனாளிகள் சங்கத்துக்கு நிதி கேட்டு, காலையில் ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் (கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் நிதி) பொறுப்பாளரைப் பார்க்கப் போனோம். அலுவலகம் முதல் மாடியில், லிஃப்ட் கிடையாது. காலைத் தாங்கும் காலிப்பரோடு நான் 22 படி ஏறி முடிப்பதற்குள், பார்வையற்ற எங்கள் பொருளாளர் அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே போய் நின்றுவிட்டார். பேசியவர் நல்ல மனிதர்தான், ஆனால் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: எத்தனை வீல்சேர் கொடுப்பீங்க, எத்தனை தையல் மெஷின்? நாங்கள் கேட்டிருந்தது ஒரு முழுநேர ஊழியரின் சம்பளம், சைகைமொழிபெயர்ப்பாளருக்கான கட்டணம், துணைக்கு வருபவரின் பஸ் காசு. வீல்சேர் வேண்டாம் என்று யார் சொன்னது? அதில் உட்கார்ந்தவர் பஸ்ஸில் ஏற முடியவில்லை என்றால் மனு எழுத, கலெக்டர் ஆபீஸுக்கு நான்கு முறை அலைய ஆள் வேண்டுமே. அந்த அலைச்சல் போட்டோவில் வராது, அதனால் அதற்குப் பணமும் வராது.

நவம்பர் 21, வியாழன்

சங்கத்தின் வரிவிலக்குக்கான 12ஏ, நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி, தொண்டு அமைப்புகளுக்கான அரசுத் தளத்தின் தர்பண் எண், சிஎஸ்ஆர் நிதி வாங்கப் பதிவு செய்யும் சிஎஸ்ஆர்-1, மூன்று வருட ஆடிட் கணக்கு. எல்லாம் இருந்தால்தான் விண்ணப்பத்தையே திறந்து பார்ப்பார்களாம். ஆடிட்டர் ஃபீஸ் கட்டவே இரண்டு மாதச் சந்தா போய்விடும். அக்கா, திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடரில் படிவத்தை முழுக்க நிரப்பிவிட்டார், கடைசியில் கேப்ட்சா படம், அதிலுள்ள எழுத்தைக் கண்ணால் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் ஸ்கூலிலிருந்து வரும்வரை காத்திருந்தோம், அதற்குள் பக்கம் காலாவதியாகிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து.

நவம்பர் 27, புதன்

முன்பு ஒரு பெரிய தொண்டு நிறுவனம் தனக்கு வந்த வெளிநாட்டு நிதியில் கொஞ்சம் எங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தைத் திருத்தி, அப்படி இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது என்று ஆக்கியதோடு அந்த வழி அடைபட்டது. சரி, நாமே பதிவு செய்யலாம் என்றால், கடைசி மூன்று வருடத்தில் 15 லட்சம் செலவழித்துக் காட்ட வேண்டும். எங்கள் ஆண்டு வரவே ஒன்றரை லட்சத்தைத் தாண்டியதில்லை. பணம் இல்லாததால்தான் பணம் கேட்கிறோம், அதற்கு முதலில் பணம் செலவழித்திருக்க வேண்டும் என்கிறார்கள். வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கு இருந்த 50 சதவீத வரம்பையும் அதே திருத்தம் 20 ஆகக் குறைத்துவிட்டது.

டிசம்பர் 3, செவ்வாய்

மாற்றுத்திறனாளிகள் தினம். ஒரு விழாவுக்கு அழைத்திருந்தார்கள். பொன்னாடை, பிஸ்கட், இரண்டரை மணி நேரம் பேச்சு, சைகைமொழி பெயர்ப்புக்கு ஆள் இல்லை. காதுகேளாத எங்கள் துணைத்தலைவர் பாதியில் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். நானும் அவரோடு போய் நின்றேன். மேடையில் இருந்தவர்கள் நமக்காக நடத்தும் அமைப்புகளைச் சேர்ந்தவர்கள். நாம் நடத்தும் அமைப்பு என்பது வேறு. ஐநா மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு 2018-இல் வெளியிட்ட ஏழாவது பொதுக் கருத்துரை இந்த வித்தியாசத்தைத் தெளிவாக எழுதி, நாம் நடத்தும் அமைப்புகளுக்கு அரசுகள் நிதி தர வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தக் குழு கண்காணிக்கும் ஐநா மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007-லேயே ஏற்றுக்கொண்ட நாடு. அப்புறம் ஏன் நாம் பயனாளிகள் பட்டியலில் மட்டும் இருக்கிறோம்?

டிசம்பர் 9, திங்கள்

நேற்று செயற்குழு. சந்தாவை 20-லிருந்து 30 ரூபாயாக்கலாம் என்று ஒருவர் சொன்னார், அதற்கு மேல் யாரும் பேசவில்லை. மாதாமாதம் வரும் உதவித்தொகையில் குடும்பம் நடத்துகிறவர்கள் எங்களில் பாதிப் பேர். சந்தா 20-ஆகவே இருக்கட்டும் என்று முடிவெடுத்தோம். ஆனால் இனி எந்த விண்ணப்பத்திலும் சைகைமொழிபெயர்ப்பு, துணை ஆள், பிரெயில் அச்சு, ஆட்டோ வாடகை இவற்றை நிர்வாகச் செலவில் சேர்க்க மாட்டோம், 'அணுகல் செலவு' என்று தனித் தலைப்பில் போடுவோம். இது இல்லாமல் எங்களால் ஒரு கூட்டம்கூட நடத்த முடியாது, அதை ஏன் உபரிச் செலவு போலக் காட்ட வேண்டும்? துணைத்தலைவர் இரண்டு கையையும் தூக்கி அசைத்தார், அவர்கள் மொழியில் அது கைதட்டல்.

இன்று சிஎஸ்ஆர் விண்ணப்பத்தை அப்படியே திருத்தி மறுபடி அனுப்பினேன். கவரிங் லெட்டரில், அடுத்த சந்திப்பைத் தரைத்தளத்தில் வையுங்கள் என்றும் எழுதியிருக்கிறேன்.