சாட்ஸ்வொர்த் நாட்குறிப்பு: பரம்பரை என்று சொல்லப்படுவது

2 மார்ச் 2024, சனி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதிக் கோயில் மண்டபத்தில் நான் நடத்தும் தமிழ் வகுப்பில் இன்று ஒரு சிறுமியின் பணப்பை காணாமற்போனது. பத்து நிமிடத்தில் அது மேசைக்கடியிலேயே கிடைத்துவிட்டது. ஆனால் அதற்குள் கண்ட காட்சியை எழுதிவைக்காமல் எனக்குத் தூக்கம் வராது. யாரும் யாரையும் சோதிக்கச் சொல்லவில்லை. கடைசி வரிசையில் இருந்த பதின்மூன்று வயதுப் பையன் தானாக எழுந்து, கால்சட்டைப் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துத் தொங்கவிட்டு, காலணிகளைக் கழற்றிக் கவிழ்த்துவைத்து, கைகளை விரித்தபடி நின்றான். வெஸ்ட்வில் சிறையில் அப்பாவைப் பார்க்கப் போகும் நாட்களில் வாசலில் நின்று நின்று பழகியதாம். அதைவிட என்னை வருத்துவது, பணப்பையைக் காணோம் என்ற குரல் எழுந்ததும் என் கண்ணும் முதலில் அவன்மேல்தான் போயிற்று என்பது.

5 மார்ச், செவ்வாய்

அவனுடைய ஆயா (பாட்டியை இங்கே நாங்கள் அப்படித்தான் அழைக்கிறோம்) மாலையில் ஒரு காகிதத்துடன் வந்தார். கட்டிக்கொண்டிருக்கும் வீடு ஒன்றின் முன்னால் கிடந்த தாமிரக் குழாய்த் துண்டுகளைப் பழைய இரும்புக் கடையில் விற்க முயன்றதற்காகப் பையனுக்கு வந்த அழைப்பாணை அது. இம்முறை அவன் எடுத்தது உண்மை, அவனே ஒப்புக்கொண்டான்.

"விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா என்று தெருவே பேசுகிறது, டீச்சரம்மா" என்றார் ஆயா. அவருடைய கணவரும் சிறைக்குப் போனவர். மகன் இப்போதும் உள்ளே இருக்கிறார். கணவர் சிறுவனாக இருந்தபோது, நிறவெறி அரசின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ், 1960களில் டர்பனின் மேகசின் பாரக்ஸ் குடியிருப்பிலிருந்து குடும்பத்தோடு இங்கே கொண்டுவந்து விடப்பட்டவர். உறவும் கோயிலும் நடைதூரத்தில் இருந்த இடத்தை விட்டு, முன்பின் அறியாதவர்கள் நடுவே வாழ்க்கையைத் தொடங்க வேண்டியிருந்தது. மகன் இளைஞனானபோது, 2000களின் நடுவில், 'ஷுகர்ஸ்' என்ற மலிவான ஹெராயின் கலவை எங்கள் தெருக்களுக்குள் வந்தது. இரத்தத்தில் ஊறியது என்று தெருவார் சொல்லும் கதையில் இந்த இரண்டும் இடம்பெறுவதில்லை.

9 மார்ச், சனி

குற்றம் குடும்பத்தில் தொடருமா என்று தேடி இரண்டு இரவுகளாகப் படித்தேன். இலண்டனின் தென்பகுதியில் 411 சிறுவர்களை 1961 முதல் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த கேம்பிரிட்ஜ் ஆய்வில், மொத்தத் தண்டனைகளில் ஏறக்குறைய பாதி, சுமார் 6 விழுக்காட்டுக் குடும்பங்களுக்குள் அடங்கிவிட்டது. தண்டனை பெற்ற தந்தையரின் மகன்களில் 63 விழுக்காட்டினரும், மற்றவர்களில் 30 விழுக்காட்டினரும் தண்டனை பெற்றனர். ஆகவே ஆயாவின் அச்சத்தை வெறும் மூடநம்பிக்கை என்று என்னால் தள்ளிவிட முடியாது.

ஆனால் அதே ஆய்வு சொல்லும் மற்றொன்றைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். தந்தையர் மகன்களுக்குக் களவைக் கற்றுக்கொடுத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. மகன் அந்த வழியில் போவதை அவர்களும் வெறுத்தார்கள். செய்ததாகத் தாங்களே ஒப்புக்கொண்ட குற்றங்கள் ஒரே அளவில் இருந்தபோதும், தண்டனை பெற்ற பெற்றோரின் பிள்ளைகளே அதிகமாகத் தண்டிக்கப்பட்டார்கள். இதைப் படித்தபோது போன சனிக்கிழமை வகுப்பில் என் கண் போன திசை நினைவுக்கு வந்தது.

டென்மார்க்கில் தத்துக்கொடுக்கப்பட்ட 14,427 பேரை வைத்து 1984இல் வெளியான ஆய்வு, பிறப்பின் பங்கையும் முற்றாக மறுக்கவில்லை. பெற்றவர்களோ வளர்த்தவர்களோ தண்டனை பெறாதபோது, தத்துப்போன ஆண்களில் 13.5 விழுக்காட்டினர் தண்டனை பெற்றனர். பெற்றவர்கள் மட்டும் தண்டனை பெற்றிருந்தால் அது 20 விழுக்காடு. களவு போன்ற சொத்துக் குற்றங்களில் மட்டுமே இந்தத் தொடர்பு தென்பட்டது, வன்முறையில் இல்லை. அப்படியானாலும் அந்தப் பிள்ளைகளில் ஐந்தில் நால்வர் தண்டனை பெறவில்லை.

பிறப்பை வைத்தே குற்றவாளி என்று எழுதிவைத்த சட்டத்தைத் தமிழர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1871இல் பிறந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று சுடப்பட்டார்கள். இங்கே ஒப்பந்தக் கூலியாக இருந்த என் கொள்ளுத்தாத்தா, அனுமதிச் சீட்டில்லாமல் கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியேறியதற்காகச் சிறையில் இருந்தவர். எங்கள் வீட்டில் அதைப் பெருமையாகச் சொல்லி வளர்த்தார்கள். அதே சிறைவாசத்தை இழிவாகச் சொல்லி வளர்த்திருந்தால் நாங்கள் என்ன ஆகியிருப்போம் என்று இதுவரை நான் யோசித்ததே இல்லை.

14 மார்ச், வியாழன்

இன்று ஆயாவுடன் நானும் பூர்வாங்க விசாரணைக்குப் போனேன். 2008ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, பையனைப் பற்றி நன்னடத்தை அலுவலர் தயாரித்த அறிக்கை முதலில் வந்தது. பதினான்கு வயது நிரம்பாதவனுக்குச் சரி எது தவறு எது என்று அறிந்து அதன்படி நடக்கும் திறன் இருந்தது என்பதை அரசுத் தரப்பே நிரூபிக்க வேண்டுமாம். கடைசியில் அவனை வழக்கிலிருந்து விலக்கி, பள்ளிக்குத் தவறாமல் போக வேண்டும், குழாய் கிடந்த வீட்டின் உரிமையாளரிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும், ஓர் ஆலோசகரை வாரந்தோறும் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். நிறைவேற்றினால் இது முன்தண்டனையாகப் பதிவாகாது. நாளைக்கு வேலை கேட்டுப் போகும் இடத்தில் இந்த ஒரு பதிவு இல்லாமலிருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அவனுடைய அப்பாவைக் கேட்டால் தெரியும்.

உள்ளே நுழையும்போது அவன் மறுபடியும் பைகளை வெளியே இழுத்தான். வாசலில் இருந்த பெண் காவலர் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, "வேண்டாம் தம்பி, நேரே போ" என்றார்.

திரும்பும் வழியில் ஆயா வேறொரு கவலையைச் சொன்னார். "அவனை இனி இங்கே கூட்டிவராதே, என்னைப் பார்த்து என்னத்தைக் கற்றுக்கொள்ளப் போகிறான்" என்று மகன் தொலைபேசியில் அழுதாராம். வேறு காரணங்களால் தந்தையைப் பிரிந்த சிறுவர்களைவிட, சிறையால் பிரிந்தவர்களே பின்னாளில் அதிகம் தடுமாறினார்கள் என்பதையும் அந்தக் கேம்பிரிட்ஜ் பக்கங்களில் படித்திருந்தேன். அதை அப்படியே ஆயாவிடம் சொல்ல மனம் வரவில்லை. அப்பாவைப் பார்க்கப் போக வேண்டுமா என்று பின் இருக்கையில் இருந்த பையனைக் கேட்டேன். நடந்ததையெல்லாம் அப்பாவிடம் தானே சொல்ல வேண்டும் என்றான்; குழாயை எடுத்ததையும் சேர்த்து.

ஞாயிறன்று காலை ஏழு மணிக்கு நான் கார் எடுத்துக்கொண்டு போகிறேன்.